ஸ்லைடு பேசணுமா?

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல். மிட்டாய்க் கடைத் தம்பி ஒருவர், வெளியூர் ஆர்டர் பிடிக்கப் பத்து ஸ்லைடு போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வீடியோவாக்கணும் அண்ணாச்சி. கடன் வாங்கியாவது நல்ல சாஃப்ட்வேரா வாங்கிருதேன்!"

"கடனெல்லாம் வேண்டாம்" என்றேன். விண்டோஸ் பவர்பாயிண்ட்டிலேயே 2010 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஸ்லைடுக்கு ஸ்லைடு குரலைப் பதிந்து, வீடியோவாகச் சேமித்தால் தீர்ந்தது. திரையில் நடப்பதையெல்லாம் காட்டணுமா? ஓ.பி.எஸ். ஸ்டுடியோ இலவசம். ஆனால் வெட்டி ஒட்டாது; உளறினால் உளறல் அப்படியே நிற்கும். காம்டேசியா பதியும், வெட்டும், ஒட்டும். காசும் கேட்கும்!

பத்து ஸ்லைடுக்கு முதலாவதே தாராளம். பேசும்போது மட்டும் ஃபேனை நிறுத்தணும். கரிசல்காட்டு வெயிலில் அந்த வியர்வைதான் மொத்தச் செலவு.