கைமுறுக்கு காருக்கு ஆகாது!

தீபாவளிக்குக் கைமுறுக்கு சுற்றும் பாட்டிக்கு அளவுகோல் தேவையில்லை. விரல் சொன்னபடி மாவு கேட்கும். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போனால், முதல் முறுக்கிலேயே நாக்கு சொல்லிவிடும். அடுத்த ஈட்டில் சரிபண்ணிக்கொள்ளலாம்.

காரின் போல்ட்டை ருசி பார்த்துச் சொல்ல எந்த நாக்கும் கிடையாது.

ஆனாலும் நம் ஊர் ஒர்க் ஷாப்களில் காருக்கும் கைமுறுக்குதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது, டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டும்போது, புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு கிராஸ் மாற்றும்போது, அட, பஞ்சர் ஒட்டி வீலைத் திரும்பப் பூட்டும்போதுகூட ஒரே வசனம்தான்: 'நல்லா டைட் வச்சாச்சு சார்!'

எவ்வளவு டைட்? 'நல்லா' டைட். அவ்வளவுதான் அளவு! நாமும் தலையை ஆட்டிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் நூறில் போகிறோம்.

'நல்லா டைட்' என்பது ஒரு அளவே இல்லை. அது ஒரு நம்பிக்கை. நம்பிக்கைக்குக் கோயிலுக்குப் போகலாம். ஒர்க் ஷாப்புக்குப் போவது அளவுக்காக.

காரை உருவாக்கிய கம்பெனி, இன்ஜினிலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள முக்கியமான போல்ட், நட் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஒரு எண்ணை எழுதிவைத்திருக்கிறது. அதற்குத்தான் டார்க் என்று பெயர். தமிழில் முறுக்கு விசை. நியூட்டன் மீட்டர் கணக்கில் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு, கிட்டத்தட்ட பத்து நியூட்டன் மீட்டர். அவ்வளவுதான் விஷயம்.

2003-ல் நம் ஊருக்கு வந்த டொயோட்டா கொரோலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வீல் நட்டுக்கு 103. அதே சக்கரத்துக்கு நடுவில் டிரைவ் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கு 216. கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டுக்கோ வீல் நட்டில் பாதிகூட வேண்டாம். ஒரே காரில், ஒரு கை எட்டும் தூரத்துக்குள் மூன்று எண். மூன்றுக்கும் ஒரே 'நல்லா டைட்' எப்படி சரியாகும்?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வீல் ஸ்பானர் நாற்பது சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 103 நியூட்டன் மீட்டர் வர, அதன் நுனியில் 26 கிலோ எடை போதும். அதாவது, கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. நம் பஞ்சர் கடைத் தம்பி என்ன செய்கிறார்? ஸ்பானர் மேல் ஏறி நிற்கிறார். அவர் அறுபது கிலோ என்றால், 235 நியூட்டன் மீட்டர். இரண்டு மடங்குக்கும் மேலே! அதோடு விட்டாரா? நம் திருப்திக்காக ஒரு குதி வேறு.

'லூஸா இருக்கறதுக்கு ஓவர் டைட் தேவலை சார்...' இதுதான் நம் ஊரின் மிகப் பெரிய மெக்கானிக்கல் மூடநம்பிக்கை.

போல்ட்டை நாம் ஆணி மாதிரி நினைக்கிறோம். அது ஆணி இல்லை, ஸ்பிரிங். முறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நிலைக்குச் சுருங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் இரண்டு இரும்பை ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில், இன்ஜினின் பலம் பெரும்பாலும் அந்த அழுத்தத்தில் வரும் உராய்வு வழியாகத்தான் கடந்து போகிறது. பேங்க்கில் நோட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுகிறார்களே, அதுபோல. தொளதொளவென்று போட்டால் கட்டு சரியும். அளவுக்கு மேல் இழுத்தால் ரப்பர் நைந்து, ஒருநாள் பட்டென்று போகும். அறுந்த ரப்பர் பேண்ட்டைவிட மோசமானது, அறுபடத் தயாராக இருக்கும் ரப்பர் பேண்ட். பார்த்தால் நன்றாகவே தெரியும்!

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். அது விலையோ சைஸோ இல்லை. அதன் தாங்கும் சக்தியும், அதில் எத்தனை சதவீதம் வரை இழுத்தால் பழையபடி சுருங்கும் என்பதும்தான் அந்த எண். 10.9 என்றால், அறுபடும் எல்லையில் சுமார் 90 சதவீதம் வரை. அதைத் தாண்டி இழுத்தால் போல்ட் திரும்பாது. நீண்டது நீண்டதுதான். இதைப் போல்ட் தலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். நாம் அந்தத் தலை மேல் ஏறி நிற்கிறோம்!

அதிகம் முறுக்கினால் என்ன நடக்கும்? வீல் ஸ்டட் நைந்துபோகும். ஒரு நட் அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இருந்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொண்டு, நாளடைவில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். கியர்பாக்ஸின் அலுமினிய உடம்பில் மரை போய்விட்டால் ஒரு போல்ட்டோடு முடியாது, கேஸிங் வரைக்கும் செலவு இழுக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு விழுப்புரம் தாண்டி டயர் பஞ்சர் ஆனால், காரோடு கொடுத்த ஸ்பானரால் அந்த நட்டை உங்களால் அசைக்கவே முடியாது. 'தேவலை' என்றது எதை என்று அப்போது புரியும்.

அடுத்த மூடநம்பிக்கை, எண்ணெய். 'ஸ்மூத்தா போகும் சார்' என்று மரையில் ஒரு சொட்டு ஆயில் விடுவார்கள். நாம் போடும் 100 பங்கு முறுக்கில் சுமார் 50 பங்கு போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், 40 பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. மிச்சம் பத்துதான் போல்ட்டை நீட்டி அழுத்தம் கொடுக்கிறது. நூறு ரூபாய் சம்பளத்தில் தொண்ணூறு கடனுக்குப் போய், பத்து கையில் நிற்கிற குடும்பம் மாதிரி. இப்போது ஆயில் விட்டு, கடனை வெறும் ஐந்து ரூபாய் குறையுங்கள். கையில் பதினைந்து! சம்பளம் ஏறவில்லை, ஆனால் மிச்சம் ஒன்றரை மடங்கு. அதே மாதிரி, டார்க் எண் சரியாக இருந்தும் போல்ட் நைந்துவிடும். கம்பெனி ஆயில் போடச் சொன்ன இடத்தில் மட்டும்தான் போட வேண்டும். சொல்லாத இடத்தில் சொட்டுக்கூட கூடாது.

'ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேன், எங்க போகும்?' இது மூன்றாவது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானிய இன்ஜினீயர் 1969-லேயே, பக்கவாட்டில் அதிரும்போது போல்ட் எப்படித் தானாகவே கழல்கிறது என்று காட்டிவிட்டார். அவர் பெயரில் இன்றும் நடக்கும் சோதனையில், சாதாரண ஸ்பிரிங் வாஷர் போட்ட நட் மளமளவென்று தளர்ந்துவிடுகிறது. போல்ட்டைக் காப்பாற்றுவது முதலில் சரியான அழுத்தம். வாஷர் அதற்கு மாற்று இல்லை.

'ஐயா, முப்பது வருஷமா எங்க அண்ணன் கையாலதான் டைட் வைக்கிறாரு, ஒண்ணும் ஆகலையே?' என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த அண்ணனின் கைக்கு நான் எதிரி இல்லை. சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்கிற காது அவருக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கை பழகியது அம்பாசடரில். கனமான இரும்பு, தாராளமான உடம்பு, பத்து பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனது. இன்றைய காரில் எடை குறைய எல்லாமே அலுமினியம், எல்லாமே மெலிசு. சில போல்ட்டுகளைக் குறிப்பிட்ட டார்க் வரை முறுக்கி, பிறகு சரியாக 90 டிகிரி திருப்பச் சொல்கிறார்கள். அவற்றில் பலவும் ஒருமுறைதான். கழற்றினால் குப்பைத்தொட்டி. பழையதையே துடைத்து மாட்டுகிற சிக்கனம் இங்கே செல்லாது.

இதெல்லாம் ரோட்டோர மெக்கானிக் கதை, நான் கம்பெனி சர்வீஸில்தான் விடுகிறேன் என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஏ.சி. போட்ட, காபி கொடுக்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்), கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று வீல் நட்டுகளை அடித்துக்கொண்டிருந்தான். "டார்க் ரென்ச் இல்லையா தம்பி?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "இருக்கு சார். ஸ்டோர்ல இருக்கு. சாவி மேனேஜர்கிட்ட" என்றார். மேனேஜர் லீவு! அரை இன்ச் ஏர் கன் பலவும் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். கழற்ற அருமையான கருவி. கடைசி முறுக்குக்கு அது எமன். பில்லில் மட்டும் 'வீல் நட் டைட்டனிங் - ஓகே' என்று அழகாக டிக் அடித்திருந்தார்கள்.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே இன்ஜினீயரிங் இதுதான்: அளக்காத எதற்கும் பில் போடக் கூடாது. மார்க்கெட்டில் தக்காளி விற்கும் அம்மாவின் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கின் அளவையும் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். நூறு கிராம் தக்காளி குறைந்தால் நாம் சண்டைக்குப் போகிறோம். உயிரைத் தாங்கும் நட்டை எதை வைத்து முறுக்கினீர்கள் என்று கேட்டு வந்த இன்ஸ்பெக்டரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இத்தனைக்கும் உலகத்தின் தலைசிறந்த தொழிற்சாலையே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. 2022 ஜூனில் டொயோட்டா தன் புத்தம் புது பிஇஸட்4எக்ஸ் எலெக்ட்ரிக் காரில் சுமார் 2,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹப் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்று வரலாம், ஓட்டாதீர்கள் என்று அதுவே சொன்னது. எல்லாவற்றையும் அளக்கிற கம்பெனிக்கே இந்த கதி என்றால், எதையுமே அளக்காத நமக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்!

ஆனால் பழியை முழுக்க மெக்கானிக் தலையில் போடுவது அயோக்கியத்தனம். அந்த எண் அவர் கைக்கு வந்ததா? கார் கம்பெனிகள் ரிப்பேர் மேனுவலைத் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்தன. உதிரிபாகம், சோதனைக் கருவி, தொழில்நுட்பத் தகவல் எதுவும் வெளி ஒர்க் ஷாப்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளமே திறந்தது. கோர்ட், வலைத்தளம் எல்லாம் சரி. புதுப்பேட்டைச் சந்தில் காருக்கு அடியில் படுத்திருக்கும் பையனின் கைக்கு அந்த எண் தமிழில் ஒரு சுவர் சார்ட்டாக வர வேண்டாமா? எண்ணை ஒளித்துவைத்துவிட்டு, 'வெளியே விடாதீர்கள், அவர்களுக்குத் தெரியாது' என்று விளம்பரம் செய்வது எந்த ஊர் நியாயம்?

வெட்கம் என்னவென்றால், போல்ட் செய்வதில் நாம் கில்லாடிகள். சென்னை பாடியில் இருக்கிற சுந்தரம் ஃபாஸனர்ஸ் பல பத்தாண்டுகளாக போல்ட், நட் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. உலகத்துக்கே போல்ட் செய்து கொடுக்கிற ஊரில், அதை முறுக்க அளவு இல்லை!

சரி, நாம் என்ன செய்வது? டார்க் ரென்ச் ஒன்றும் தங்கத்தில் செய்ததில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. எண்ணை வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னொரு 'டிக்' போனஸ் கிடையாது! அதையே நட் கழற்றப் பயன்படுத்தக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தரவிதிப்படி வருஷத்துக்கு ஒருமுறை அல்லது ஐயாயிரம் தடவைக்கு ஒருமுறை அதன் அளவையும் சோதிக்க வேண்டும். வீல் நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், நட்சத்திரம் போடுவது போல எதிரெதிராக முறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

'நல்லா டைட் பண்ணுப்பா' என்று சொல்வதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். அந்தக் குதியைக் குதிக்கவைப்பதே நாம்தான். அதற்குப் பதில், சாவியை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர்? எதை வைத்து அளந்தீர்கள்? அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? ரோட்டோர அண்ணனிடமானால் மேனுவலில் இருக்கும் எண்ணை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கம்பெனி சர்வீஸ் சென்டரிலானால் அந்த எண்ணை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும் வரை பணம் கட்டாதீர்கள்.

பத்து பேர் கேட்டால் முறைப்பார்கள். நூறு பேர் கேட்டால், மேனேஜர் லீவில் இருந்தாலும் ஸ்டோர் கதவு திறக்கும்.