புதிய பேராசிரியர்களை வகுப்புக்குள் தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2,708 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க ஆசிரியர் தேர்வு வாரியம் 2025 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டது. அன்றிலிருந்து பேச்செல்லாம் கட்-ஆஃப், இடஒதுக்கீடு, நேர்முகத் தேர்வு என்றே இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். 2019இல் 2,331 இடங்களுக்கு வந்த அறிவிப்பு நிறைவேறாமலே போயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள். அந்தத் தேர்வும் தள்ளிப்போயிற்று. காத்திருந்து காத்திருந்தே நாற்பதைத் தாண்டியவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு. ஆனால், ஆணையைக் கையில் வாங்கிய மறுநாள் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் பணிக்காலம் முழுவதையும் அரசுக் கல்லூரிகளில் கழித்தவள் என்ற உரிமையில் அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

கலந்தாய்வில் கிடைத்த ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறார் புதியவர். கல்லூரி முதல்வர் அறையில் பணியேற்பு அறிக்கை, ஒரு சால்வை, மிக்சர், தேநீர். அடுத்த மணி நேரத்தில் கையில் கால அட்டவணை. மற்றவர்கள் எடுக்கத் தயங்கிய தாள்கள்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வாரமே வகுப்பாசிரியர் பொறுப்பும் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பும் வந்து சேரும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்களுக்காக மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் அவருக்கே. “நீங்க சின்ன வயசு, கம்ப்யூட்டர்ல வேகமா பாப்பீங்க” என்பார்கள். வகுப்பில் என்ன செய்ய வேண்டும், வினாத்தாள் எப்படி அமைப்பது, அகமதிப்பெண் எப்படி இடுவது, முதல் மாதத்திலேயே வராமல் நின்றுவிட்ட பிள்ளையை எப்படித் திரும்ப அழைத்து வருவது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்க மாட்டார்.

பள்ளியில் பாடம் நடத்த பி.எட். வேண்டும், அந்தப் படிப்பிலேயே பள்ளிக்குப் போய்க் கற்பித்துப் பழக வேண்டும். காவலர் வேலைக்குத் தேர்வானவர் மாதக்கணக்கில் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறார். ஆட்சியர் ஆகப்போகிறவரை முசோரிக்கு அனுப்புகிறார்கள். கல்லூரி ஆசிரியருக்கு மட்டும் முனைவர் பட்டமோ, நெட், செட் தேர்ச்சியோ இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். அவையெல்லாம் பாடத்தில் அவருடைய புலமைக்குச் சான்று. ஐந்தாறு ஆண்டு ஆய்வகத்தில் ஒரே ஒரு சேர்மத்தோடு வாழ்ந்து, அதை ஆங்கிலத்தில் ஆய்வேடாக எழுதி முடித்தவர், தமிழ் வழியில் படித்துவிட்டு வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்கிறார். அவர் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். செமஸ்டர் முடிவில் அரியர் விழுகிறது. பழி பிள்ளைகள் மேல் போகிறது.

இதற்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளில், புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர் அனைவருக்கும் ஒரு மாதப் பணித் தொடக்கப் பயிற்சி உண்டு என்று தெளிவாக இருக்கிறது. கூடியவரை கற்பித்தலைத் தொடங்கும் முன்பே, எப்படியும் சேர்ந்த ஓராண்டுக்குள் அது முடிய வேண்டும் என்கிறது விதி. அந்த விதிமுறைகளைத் தமிழ்நாடு அரசும் 2021இல் ஆணையிட்டு ஏற்றது. பயிற்சி நடத்த இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட பணியாளர் கல்லூரிகள் நம்மிடம் இருந்தன. சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் அவை நன்றாகவே இயங்கின. பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. இப்போது மாளவியா ஆசிரியர் பயிற்சி மையம் என்ற பெயரில் நடக்கிறது. பெயர்தான் மாறுகிறது. புதியவர் பதவி உயர்வுக்கு நாள் நெருங்கும்போதுதான் அந்தப் பக்கம் போகிறார். அதுவும் இப்போது பெரும்பாலும் இணையவழி. செல்பேசியைத் திறந்து வைத்துவிட்டு இவர் வேறு வகுப்புக்குப் போய்விடுகிறார். பாடம் நடத்தத் தொடங்கி ஐந்து ஆண்டு கழித்து, எப்படித் தொடங்க வேண்டும் என்று கற்றதாகச் சான்றிதழ் வாங்கி என்ன பயன்?

இனி நான் சொல்லப்போவது துறை அறைகளுக்குள் இருக்கும் ஒரு வலி. வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

நம் அரசுக் கல்லூரிகளை இத்தனை ஆண்டு தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இவர்களுக்கு 2025இல் மாத ஊதியம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினொரு மாதம் மட்டும். இத்தகையோருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. நிரந்தரப் பணியில் ஒருவர் வந்து சேர்ந்தால், அந்த இடத்தில் பத்து ஆண்டாகப் பாடம் நடத்தியவர் வெளியேற வேண்டியிருக்கிறது. வருகிறவருக்குக் கோப்பைக் காட்டி, ஆய்வகச் சாவியைக் கொடுத்து, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன சிரமம் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் அப்படி வெளியேறிய ஓர் அம்மா எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். “பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சாங்க மேடம்” என்றார் என்னிடம். புதிதாக வந்த பெண் ஒரு வாரம் அவருடைய நாற்காலியில் உட்காராமல் வேறு நாற்காலி போட்டுக்கொண்டாள். இருவர்மீதும் தவறில்லை. இருவரையும் அப்படி எதிரெதிரே நிறுத்தியது நிர்வாகம்.

ஒரு துறையில் ஒருவரின் வருகை இன்னொருவரின் பிழைப்பு போவதாக இருக்கும்வரை அங்கே மனதார வரவேற்பு எப்படி இருக்கும்? கௌரவ விரிவுரையாளருக்கு வேறு கல்லூரியில் காலியிடம் ஒதுக்கிய பிறகே அவர் இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். காலியிடங்களுக்கா பஞ்சம்? பன்னிரண்டாவது மாதச் சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள். மே மாதம் மட்டும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? பயிற்சியிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அவர்கள் எதிரில் இருக்கும் பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான்.

சம்பளம் என்றதும் இன்னொன்று. உதவிப் பேராசிரியருக்கு ஊதிய நிலை பத்தில் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்று வெளியே பெரிதாகப் பேசுகிறார்கள். அது கைக்கு வந்து சேரும் கதையைப் பேசுவதில்லை. பணியாளர் எண் வரவில்லை, ஓய்வூதியக் கணக்கு எண் வரவில்லை, கருவூலத்தில் பட்டியல் திரும்பிவிட்டது என்று முதல் சம்பளத்துக்கே மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் முன்பணம் கொடுத்து வீடு பிடிக்க வேண்டும். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் ஆசிரியர் குடியிருப்பு கிடையாது. சிறிய ஊர்களில் வீட்டுக்காரர் முதலில் கேட்பது என்ன சாதி என்பதைத்தான். தனியாக வரும் பெண்ணுக்கும், தலித் ஆசிரியருக்கும் கதவு சாத்தப்படுவது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அவரவர் சொந்தப் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். அரசு தன் ஊழியரை ஓர் ஊருக்கு அனுப்பினால், அங்கே அவர் தங்க வழி உண்டா என்று பார்ப்பதும் அரசின் வேலைதான். கல்லூரி முதல்வர் நினைத்தால் வருகிறவருக்கு முன்கூட்டியே இரண்டு மூன்று வீடுகள் விசாரித்து வைக்க முடியாதா?

உயர்கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய நிதி தேவைப்படும் காரியம் அல்ல. பணிநியமன ஆணையிலேயே பயிற்சி எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று அச்சிட்டுத் தாருங்கள். நேரில் நடத்துங்கள், கல்லூரி திறக்கும் முன்பு நடத்துங்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்பது விதி; முதல் செமஸ்டரில் மட்டும் அதை 12 ஆக்கி, மிச்ச நேரத்தில் மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள். வழிகாட்டும் அந்த மூத்தவருக்கும் அதைப் பணிநேரமாகவே கணக்கிடுங்கள். இல்லையேல் அது காகிதத்தில்தான் இருக்கும். முதல் ஆண்டு முடியும்வரை நாக் கோப்பைப் புதியவர் தலையில் கட்ட வேண்டாம் என்று முதல்வர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

என் போல ஓய்வுபெற்றவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறோம். பயிற்சிக்கு வந்து பாடம் எடுக்கக் கூப்பிட்டால், மதிப்பூதியம் இல்லாமலே வரச் சம்மதிப்பவர்களை எனக்கே பலரைத் தெரியும். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகங்கள் ஒரு பட்டியல் தயாரித்தால் போதும். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியை (வேதியியல்),
திண்டுக்கல் மாவட்டம்