நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை

மகாராஷ்டிரத்தில், புணே மாவட்டத்தின் வறண்ட பகுதியில் இருக்கிறது பாபல் கிராமம். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த ஸ்ரீநாத் கல்பாக், 1983-ல் அந்த ஊருக்கு வந்து ‘விஞ்ஞான ஆசிரமம்’ என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கினார். படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைகள்தான் அவருடைய மாணவர்கள். வெல்டிங் வைப்பது, மின் இணைப்பு கொடுப்பது, நிலத்தடி நீர் பார்ப்பது, கால்நடை வளர்ப்பது எல்லாம் அங்கே பாடம். வேலை செய்யும்போது எழுகிற கேள்விக்குப் பதிலாகத்தான் இயற்பியலும் கணக்கும் வந்தன. ஜீப்பின் பாகங்களை வைத்துச் சிறு டிராக்டர் ஒன்றையும் அந்தப் பட்டறையில் உருவாக்கினார்கள்.

அந்த ஊருக்குத்தான் 2002-ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த ‘ஃபேப் லேப்’ வந்தது. கணினியில் வரைந்த வடிவத்தை அப்படியே வெட்டியும் குடைந்தும் பொருளாக்கித் தருகிற சிறு இயந்திரங்கள், மின்சுற்றுப் பலகை செய்யும் கருவிகள், அவற்றுக்கு நிரல் எழுதக் கணினி. எம்.ஐ.டி. வளாகத்துக்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் அது ஒன்று. பாலின் தரத்தைச் சோதிக்கவும், டீசல் இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று பார்க்கவும் கருவி செய்ய முயன்றார்கள். சந்தையில் இவற்றுக்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. கிராமத்து விலைக்கும் கிராமத்துத் தூசிக்கும் ஈடுகொடுக்கும் கருவிதான் இல்லை. அதே காலகட்டத்தில் நார்வேயின் வடகோடியில் லிங்கன் பகுதி விவசாயிகள், மலையில் மேயும் ஆடுகளின் கழுத்தில் ரேடியோ பொருத்தி அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்கும் ஏற்பாட்டைத் தங்கள் ஃபேப் லேப்பில் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணினியையும் பொருளையும் இணைக்கும் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் ஸ்டார்ட்அப், முதலீடு, நான்காம் தொழிற்புரட்சி என்றே உரையாடல் ஓடுகிறது. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. தன் தேவையைத் தானே அறிந்த ஒரு மனிதர், அதற்கான கருவியைத் தானே செய்துகொள்ளும் வசதி பற்றியது அது.

எம்.ஐ.டி. இயற்பியலாளர் நீல் கெர்ஷன்ஃபெல்டு 1998-ல், ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு பாடத்தைத் தொடங்கினார். சில ஆராய்ச்சி மாணவர்களுக்கு விலையுயர்ந்த இயந்திரங்களைக் கையாளக் கற்றுத்தருவதே நோக்கம். இடம் பத்துப் பேருக்கு. வந்து நின்றவர்களோ நூறு பேர் அளவில். பொறியியல் தெரியாத கலைஞர்களும் கட்டடக் கலை மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கெல்லி டாப்சன் என்ற மாணவி, பொது இடத்தில் கத்த வேண்டும் போலிருந்தால் கத்தலை உள்வாங்கி வைத்துக்கொண்டு, தனியிடத்தில் திருப்பி ஒலிக்கிற பை ஒன்றைச் செய்தார். இன்னொருவர் தன் கிளிக்காக இணைய உலாவி செய்தார். இவற்றை விற்க எந்த நிறுவனமும் முன்வராது. தனக்கு ஒன்று வேண்டும் என்பதற்காக ஒருவர் ஒரு பொருளைச் செய்யலாம், அதற்கு ஆயிரம் வாடிக்கையாளர் தேவையில்லை என்பதைத் தன் மாணவர்களிடமிருந்தே கற்றதாக கெர்ஷன்ஃபெல்டு எழுதியிருக்கிறார். 2001-ல் எம்.ஐ.டி.யில் ‘பிட்டுகள், அணுக்கள் மையம்’ தொடங்கியது. அதன் ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்லும் பணியாகத் தொடங்கிய ஃபேப் லேப்கள் இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கின்றன.

இயந்திரத்துக்கு எண்களால் கட்டளையிடுவது இதைவிட மிகவும் பழையது. 1952-லேயே எம்.ஐ.டி.யில் ஒரு மில்லிங் இயந்திரத்தைத் துளை நாடாவில் பதித்த எண்களின்படி ஓட வைத்தார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க விமானப் படை. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஆற்றல் பெரிய தொழிற்சாலைகளின் மதில்களுக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்த விதம் கவனிக்கத்தக்கது. உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இட்டுப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு முறைக்கு ஸ்காட் கிரம்ப் பெற்றிருந்த அடிப்படைக் காப்புரிமை 2009-ல் காலாவதியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005 முதலே, தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரத்தின் வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வந்தார். இரண்டும் சேர்ந்தபோது, லட்சக்கணக்கில் விலை போன இயந்திரம் சில ஆண்டுகளில் இருசக்கர வாகனத்தின் விலைக்கும் கீழே வந்தது. தொழில்நுட்பம் அதேதான், வேலி விழுந்தது, அவ்வளவுதான். அந்தத் திறந்த வரைபடங்களின் மேல் எழுந்த மேக்கர்பாட் நிறுவனம், 2012-ல் தன் புதிய இயந்திரத்தின் வடிவமைப்பைப் பூட்டிக்கொண்டது. மறு ஆண்டே கிரம்ப்பின் ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. விழுந்த வேலியை மறுபடியும் நட ஆள் எப்போதும் இருப்பார்கள்.

இனி வரப்போவதில்தான் உண்மையான மாற்றம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைய அச்சு இயந்திரத்தைக் கணினி ஓட்டுகிறது; ஆனால் அதன் முனையில் வழிகிற பிளாஸ்டிக்குக்கு எண் எதுவும் தெரியாது. முதல் அடுக்கு சற்றே விலகினால் அந்தப் பிழை மேலே மேலே ஏறும். பாதியில் கெட்டால் அள்ளிக் குப்பையில் போட வேண்டியதுதான். கணினிகள் இதே சிக்கலை முன்பு கடந்து வந்திருக்கின்றன. 1930-களில் வன்னேவார் புஷ் கட்டிய கணக்கிடும் இயந்திரத்தில் சக்கரங்களும் தண்டுகளும் சுழன்று விடை தந்தன. நேரம் ஆக ஆகப் பிழை கூடிக்கொண்டே போகும். மாணவராக இருந்தபோது அந்த இயந்திரத்தில் வேலை செய்த கிளாட் ஷானன், 1948-ல் வெளியிட்ட கட்டுரையில், செய்தியைக் குறியீடுகளாக மாற்றி அனுப்பினால், இரைச்சல் மிகுந்த வழியிலும் பிழையை விரும்பும் அளவுக்குக் குறைக்க முடியும் என்று காட்டினார். இன்றைய தொலைபேசியும் இணையமும் நிற்பது அந்த அடித்தளத்தின் மேல்.

பொருளுக்குள்ளேயே அந்தக் குணத்தைக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும்போது கை சற்று நடுங்கினாலும் அடுத்த புள்ளி கோட்டைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. துல்லியம் கையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது. அதுபோலத் தனக்கான இடத்தில் மட்டுமே பொருந்தும் சிறு துண்டுகளால் பொருளைக் கட்டினால், கட்டுகிற இயந்திரம் எளியதாக இருந்தாலும் விளைவு துல்லியமாக இருக்கும். நம் உடலுக்குள் ரைபோசோம் இதைத்தான் செய்கிறது. இருபது வகை அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, ஏறத்தாழ 10,000 கோர்ப்புக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே பிழை விட்டு, தசையையும் நகத்தையும் அதே சிறு பட்டியலிலிருந்து கட்டுகிறது. கட்டியதைப் பிரித்து மறுபடி பயன்படுத்தவும் உடலுக்குத் தெரியும்.

கென்னத் சியங்கும் கெர்ஷன்ஃபெல்டும் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில், ஒரே மாதிரியான சிறு இழைத் துண்டுகளைக் கோத்து மிக இலேசான, விறைப்பான அமைப்பை உருவாக்கலாம், வேண்டாதபோது பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 2019-ல் நாசாவும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து, ஒருவர் ஓட்டும் சிறு விமானத்தின் இறக்கை அளவுக்கு ஓர் இறக்கையை இப்படிக் கட்டிக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தன. ஒவ்வொரு துண்டையும் அச்சில் வார்க்க எடுத்துக்கொண்ட நேரம் 17 விநாடி. பறக்கும் நிலைக்கு ஏற்ப அந்த இறக்கை தானாக வளைந்து கொடுக்கும். இது ஆய்வகத்தைவிட்டு இன்னும் அதிகம் வெளியே வரவில்லை. நாளைக்கே கடையில் கிடைக்கும் என்று சொல்வது பொய். ஆனால் திசை தெளிவு. வருங்காலத்தில் பொருள் செய்வது என்பது ஒரு துண்டுப் பட்டியலிலிருந்து கோப்பதும் பிரிப்பதுமாக மாறும். அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும், திறந்திருக்குமா பூட்டியிருக்குமா என்பது 2009-லும் 2012-லும் நடந்ததைவிடப் பெரிய வழக்காக இருக்கப்போகிறது. அந்த நாள் வரும்போது நாம் வாங்குகிறவர்களாக மட்டும் நிற்கக் கூடாது. இன்றைய எளிய இயந்திரங்களில் கை பழகாத சமூகம் அன்று பேரம் பேசவும் முடியாது.

இந்தியாவில் இதற்காக எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிதி ஆயோக்கின் அடல் திட்டத்தில் 10,000 பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 என்று 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கேரளம் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஃபேப் லேப்களை அமைத்தது. இவற்றை வரவேற்கிறேன். கவலை வேறு. பள்ளிகளில் இத்தகைய கூடங்களை அமைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பாலோ பிளிக்ஸ்டீன், தாம் கண்ட ஒரு நோய்க்குச் ‘சாவிக்கொத்து நோய்’ என்று பெயர் வைத்தார். லேசர் வெட்டும் இயந்திரத்தில் பெயர் பொறித்த சாவிக்கொத்து செய்யக் கற்றுக்கொடுத்தால், பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள். சில நிமிடத்தில் பளபளப்பான பொருள் கையில் வந்துவிடுகிறது, பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள், கடினமான ஒன்றில் இறங்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. குறை பிள்ளைகளிடம் இல்லை. அந்த அறைக்குள் எவருடைய சிக்கலும் வரவில்லை என்பதுதான் குறை. பாபலில் நிலைமை தலைகீழ். அங்கே சிக்கல் முதலில் இருந்தது, பட்டறை இருந்தது, கை பழகிய பிள்ளைகள் இருந்தார்கள். இயந்திரம் கடைசியாக வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த வரிசை புதிதல்ல. கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வளர்ந்தது பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்துகொடுத்தும், கிணற்றுக்குப் பம்ப் செய்துகொடுத்தும்தான். வெட் கிரைண்டரை நினைத்துப் பாருங்கள். 1955 வாக்கில் அதை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி. உளுந்தையும் அரிசியையும் மணிக்கணக்கில் கையால் ஆட்டிய பெண்களின் தோள்வலி இல்லையென்றால் அந்த இயந்திரம் பிறந்திருக்காது. இட்லி தெரியாத எந்த நாட்டு நிறுவனமும் அதைச் செய்திருக்காது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அப்படி இன்னும் எத்தனை கருவிகள் செய்யப்படாமல் கிடக்கின்றன! மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் கைக்குத் தக்க கரண்டிப் பிடி, உதிரி பாகம் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் தையல் இயந்திரத்தின் பல்சக்கரம், நண்டுக்கூட்டின் கதவு, முருங்கை விதை உரிக்கும் கருவி. இவற்றுக்கெல்லாம் பெரிய சந்தை கிடையாது. தேவை மட்டும் இருக்கிறது.

இதைச் சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்‌ஷாப் ஒரு பாடம். மாதக் கட்டணம் செலுத்தியவர்களுக்குப் பெரிய பெரிய இயந்திரங்களைத் திறந்துவிட்ட அந்த நிறுவனம், பல நகரங்களில் கிளை பரப்பிய பிறகு, 2017 நவம்பரில் ஒரே நாளில் கதவை மூடித் திவாலானது. இயந்திரத்தின் பராமரிப்பும் இடத்தின் வாடகையும் உறுப்பினர் கட்டணத்தைத் தின்றுவிடும். நூலகத்தை லாபத்துக்கு நடத்த முடியாதது போலவே இதையும் நடத்த முடியாது. நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில் ஊர் நூலகம் 2011-லேயே தன் கட்டடத்துக்குள் இத்தகைய பட்டறையைத் திறந்தது. 2018 டிசம்பரில் திறந்த ஹெல்சிங்கியின் ஊடி நூலகத்தில் புத்தகங்களோடு தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பயன்படுத்தலாம்.

பொது நூலகச் சட்டத்தை 1948-லேயே இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரி வசூலித்து, படிக்க விரும்பும் எவருக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கினோம். செய்ய விரும்பும் எவருக்கும் கருவி கிடைக்க வேண்டும் என்பது அதன் அடுத்த படி. அதற்கு வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழக அரசு நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. கணினியால் இயங்கும் இயந்திரங்கள் அங்கே வந்துவிட்டன. பகலில் மாணவர்கள் பயிலட்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் கதவுகளை ஊருக்குத் திறக்க வேண்டும். லேத் பட்டறைக்காரரும் தையல்காரரும் விவசாயியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மேசையில் நிற்கிற அறையாக அது ஆக வேண்டும். பட்டறையில் முப்பது ஆண்டு இரும்போடு பழகியவருக்குப் பொருளின் குணம் தெரியும், பிள்ளைக்கு நிரல் தெரியும். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை.

இயந்திரம் விலை உயர்ந்தது, கெட்டுப்போகும், ஆபத்தானது என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். பி.வி.சி. தகட்டைத் தெரியாமல் லேசரில் வெட்டினால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அதனால்தான் அறையில் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறேன். நூலகத்துக்கு நூலகர் போல இதற்கென்று முழுநேரப் பணியிடம் வேண்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வந்துபோகும் பயிற்சியாளர் போதாது. எந்த மரம் பிளக்கும், எந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும், ஊரில் எந்தப் பட்டறையில் யார் எதில் கைதேர்ந்தவர் என்று அறிந்தவர் வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர்களிலிருந்தே அவர்களை எடுக்கலாம். பணம் இயந்திரத்துக்கு எளிதில் ஒதுக்கப்படுகிறது, ஏனென்றால் திறப்பு விழாவில் ரிப்பன் கட்ட இயந்திரத்தில் இடம் இருக்கிறது. ஆளுக்கான சம்பளத்துக்கு ஆண்டுதோறும் போராட வேண்டியிருக்கிறது. இந்த முயற்சி தோற்றால் பெரும்பாலும் அங்கேதான் தோற்கும்.

முதலில் பத்து ஐ.டி.ஐ.களில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். எத்தனை இயந்திரம் வாங்கினோம் என்ற கணக்கு வேண்டாம். வெளியிலிருந்து யார் வந்தார்கள், என்ன சிக்கலைக் கொண்டுவந்தார்கள், எது செய்து முடிந்தது, எது பாதியில் நின்றது என்று அறைக்கு ஒரு பதிவேடு வைத்து, அதைப் பொதுவில் வெளியிட வேண்டும். முடிந்தவற்றின் வரைபடங்களை மற்ற மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றவற்றின் பட்டியலை அதிகாரிகள் கவனமாகப் படிக்க வேண்டும். அடுத்து எந்தக் கருவி வாங்குவது, யாரைப் பணிக்கு எடுப்பது, எதைப் பாடத்தில் சேர்ப்பது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.