ஏர்பேக் லைட்டை அணைக்காதீங்க, கோளாறைச் சரி பண்ணுங்க!

1/
நண்பர்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எல்லாத்துக்கும் லீவு. கார் பற்றி ஒரு இழை.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சின்னப் படம் எரியும். உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் ஒரு பலூன். அதுதான் ஏர்பேக் விளக்கு. சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும். என் காரில் மூன்று வாரமாக அணையவே இல்லை.

2/
நான் என்ன செய்தேன்? ஒண்ணுமே செய்யலை. "வண்டிதான் நல்லா ஓடுதே"ன்னு தேனிக்கும் கம்பத்துக்கும் ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

சுகர் 300 இருக்கும்போது "எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்" என்று சொல்பவரைக் கடிந்துகொள்ளும் அதே ஆள்தான் நான்!

3/
அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், ஏர்பேக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து எங்கோ கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நிலையில் விபத்து நடந்தால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. மோதும் நேரத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் அதே கம்ப்யூட்டரை நம்பித்தான் இருக்கிறது.

4/
ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பையன் எட்டிப் பார்த்துட்டு, "லைட் எரியுறதுதானே டாக்டர் பிரச்சினை? ஒரு ரெசிஸ்டர் போட்டா அணைஞ்சிடும். பத்து நிமிஷ வேலை" என்றான்.

விஷயம் இதுதான். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே மின்தடை உள்ள ஒரு சின்னப் பொருளைச் சொருகினால், கம்ப்யூட்டர் "ஏர்பேக் இருக்கு" என்று ஏமாந்துவிடும். விளக்கு அணையும். ஏர்பேக் மட்டும் வேலை செய்யாது.

5/
இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை நண்பர்களே. காய்ச்சல்காரருக்கு தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு "நார்மல்" என்று எழுதிக் கொடுப்பது.

ஆனால் அந்தப் பையனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "செலவில்லாம லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுப்பா" என்று கேட்பது நாம்தான்.

6/
அடுத்து சின்னமனூர் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக். ஏர்பேக் கோடு படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். (ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். கவனம்.)

"இடது சீட் சைடு ஏர்பேக் லைன் ஓப்பன்னு காட்டுது சார். சீட்டுக்கு அடியில எதையாச்சும் திணிச்சீங்களா?"

7/
திணிச்சேன்ணே!

கம்பத்தில் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து பன்னீர் திராட்சை ஒரு பெட்டி. டிக்கியில் இடமில்லாமல் முன்சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அங்கே இருந்த மஞ்சள் நிற கனெக்டர் பாதி கழன்றுவிட்டது. மூன்று வாரக் கோளாறுக்குக் காரணம் ஒரு திராட்சைப் பெட்டி.

8/
அவர் செய்தது: இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்தார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். பிறகு கனெக்டரைச் சுத்தம் செய்து 'க்ளிக்' என்று பூட்டி, கோடை அழித்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது.

நீங்களே கையை விடாதீர்கள். மல்டிமீட்டரை ஏர்பேக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம்.

9/
வேறு காரணங்களும் உண்டு:
▪️ ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் க்ளாக் ஸ்பிரிங் தேய்ந்து அறுவது (ஹாரனும் சேர்ந்து மக்கர் பண்ணினால் சந்தேகப்படுங்கள்)
▪️ எலி கடித்த வயர்
▪️ சீட் பெல்ட் பக்கிள் சுவிட்ச் கோளாறு
▪️ பேட்டரி வோல்டேஜ் குறைவு
▪️ கார்பெட்டுக்கு அடியில் தண்ணீர்
▪️ முன்பு விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் விட்டது

10/
கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்தக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. பெயின்ட்டையும் டயரையும் பார்க்கிறோம். ஏர்பேக்கை யார் பார்க்கிறோம்?

என் கருத்து: பழைய கார் வாங்கும்போது ஏர்பேக் ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அரசும் பெயர் மாற்றத்தின்போது அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

11/
ஒரு எளிய சோதனை. சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் நல்லது. அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையா? யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். அதுதான் அதிக ஆபத்து. ஆனால் ரெசிஸ்டர் போட்ட வண்டி இந்தச் சோதனையிலும் பாஸ் ஆகிவிடும். அதனால் வாங்கும்போது ஏர்பேக்கும் கனெக்டரும் அசலா என்று தெரிந்தவரை விட்டுப் பாருங்கள்.

12/
ஏர்பேக் இருந்தால் போதும், பெல்ட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். சொகுசுக் கார்தான். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். எஸ்.ஆர்.எஸ் என்பதில் முதல் எழுத்துக்கு 'துணை' என்றுதான் பொருள். பெல்ட்தான் முதல் மருந்து.

13/
போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பக்கமும் மலைச்சாலை இருக்கும் ஊர் நம்முடையது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் வேறு.

நாளை காலை சாவியைத் திருப்பியதும் ஐந்து நொடி அந்த விளக்கைப் பாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் பெட்டி எதுவும் வேண்டாம். திராட்சை டிக்கியிலேயே வரட்டும் 🙂