பதவிக்காலம் முடியும் நாள் முன்பே தெரியும்: பல்கலைக்கழகத் தலைமை மாற்றம் குறித்த கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறவர்கள், ஆய்வு செய்கிறவர்கள், அலுவலகப் பிரிவுகளில் கோப்பு பார்க்கிறவர்கள், அங்கேயே உழைத்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். ஒரு துணைவேந்தர் விடைபெறும் நாளிலேயே அடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும். இதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

2022 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அந்த ஆண்டு இளங்கலையில் சேர்ந்தவர்கள் 2025 கோடையில் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வெளியேறினார்கள். அப்போதும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்தது. ஈராண்டு கடந்தும் இடம் காலியாகவே இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில் அதே நிலை வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு துணைவேந்தர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். அந்த வளாகத்தில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டிய நிலை இருந்தது.

காரணம் ஊரறிந்தது. நியமன அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. அதன் பிறகு துணைவேந்தர் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி இருக்க வேண்டுமா என்பதில் இழுபறி. 2023 செப்டம்பரில் ஆளுநர் ஒரு குழுவை அறிவித்தார். யுஜிசி உறுப்பினரை விட்டுவிட்டு அரசு வேறு அறிவிக்கை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிலுவையிலிருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. அடுத்த மாதமே துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

யார் நியமிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மாநில உரிமையே முதன்மை என்போரும் இருக்கிறோம், யுஜிசி விதி நாடெங்கும் ஒன்றாக இருக்கட்டும் என்போரும் இருக்கிறோம். அந்த வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். அதன் செலவை மாணவர் தலையிலும் ஆசிரியர் தலையிலும் கட்டக் கூடாது என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதை ஒரு கோப்பில் காட்டுகிறோம். உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியராக உயரும் தகுதி நாள் வந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகள், புத்தொளிப் பயிற்சிச் சான்றுகள், துறைத் தலைவரின் பரிந்துரை எல்லாம் இணைத்து, பக்க எண்ணிட்டு, நாடா கட்டிப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர் தலைமை ஏற்க வேண்டும். அவர் இல்லை. அவருக்குப் பதிலாக நிர்வாகத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் குழுவின் தலைவரோ உயர்கல்வித் துறைச் செயலர். தலைமைச் செயலகத்தில் ஆயிரம் வேலைக்கு நடுவே இருப்பவர். பதிவாளரும் ‘பொறுப்பு’தான், தன் துறையில் வகுப்பை முடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிற பேராசிரியர். கோப்பின் குறிப்புத் தாளில் ‘அடுத்த கூட்டத்தில் வைக்கவும்’ என்று எழுதுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் வேறு அவசரம். அதே வாசகம் வேறு தேதியில் மறுபடி ஏறுகிறது. உதவிப் பேராசிரியர் 4 முனைவர் பட்ட மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும் வழிகாட்டலாம் என்பது யுஜிசி விதி. அந்தக் கோப்பு கிடக்கும் வரை இரண்டு பேருக்கு ஆய்வு இடம் இல்லை. அந்த இருவரும் யாரென்று யாருக்கும் தெரியாது; அதனால் அவர்களுக்காகக் கேட்கவும் ஆள் இல்லை.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, டெல்லிக்கும் கோட்டைக்கும் நேரில் போய் முறையிட வேண்டிய துணைவேந்தர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை.

துணைவேந்தராக இருந்த மு. வரதராசனார் 1974 அக்டோபரில் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அத்தகைய இழப்புக்கு எந்த நிர்வாகமும் தேதி குறித்து வைத்திருக்க முடியாது. பதவிக்காலம் முடிவது அப்படிப்பட்டதல்ல. நியமன ஆணையிலேயே அந்த நாள் அச்சாகி வருகிறது. மூன்று ஆண்டுக்கு முன்பே தெரிந்த ஒரு நாளுக்கு ஆயத்தமாகாமல் இருப்பதை அலட்சியம் என்றுதான் சொல்வோம்.

ஆகவே, பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடுதல் குழு அமைய வேண்டும்; ஒரு மாதம் இருக்கும்போது அடுத்தவர் பெயர் அறிவிக்கப்பட வேண்டும். இதைப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே எழுத வேண்டும். நியமிக்கும் அதிகாரம் எந்தக் கைக்குப் போனாலும் இந்தக் கெடு அந்தக் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க இதில் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மாதம் கைமாற்றத்துக்கானது. நிலுவை வழக்குகள், தணிக்கைத் தடைகள், வைப்பு நிதி, நாக் மதிப்பீடு காலாவதியாகும் நாள், தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம், வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஆய்வேடுகள் ஆகியவற்றை எழுத்தில் தொகுத்து, போகிறவரும் வருகிறவரும் கையெழுத்திட்டு ஆட்சிக்குழுவின் முன் வைக்க வேண்டும். இன்று நடப்பது சால்வையும் புகைப்படமும். கடைசி மூன்று மாதங்களில் புதிய பணி நியமனமோ பெரிய ஒப்பந்தமோ கூடாது; வருகிறவர் தலையில் சுமையை ஏற்றிவிட்டுப் போகும் பழக்கம் நிற்க வேண்டும். பதிவாளர், தேர்வாணையர், நிதி அலுவலர் இடங்களும் சேர்ந்து காலியாகாதபடி அவர்களின் காலத்தைத் தள்ளித் தள்ளி அமைக்க வேண்டும்.

இடைவெளி தவிர்க்கவே முடியாமல் போனால், பொறுப்பு அந்த வளாகத்தின் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் போகட்டும். மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. நல்ல அதிகாரிகளை நாங்கள் அறிவோம். ஆனால் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்தி, ஆய்வு மாணவரோடு மல்லுக்கட்டிய அனுபவத்துக்குக் கோட்டையில் மாற்று கிடையாது.

பதவிக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அந்த நீளத்தை இன்று யாரும் கேட்கவில்லை. மூன்று ஆண்டோ மிகக் குறைவு: முதல் ஆண்டு வளாகத்தைப் புரிந்துகொள்வதில் கழிகிறது, கடைசி ஆண்டு மறுநியமனப் பேச்சில் கழிகிறது. கோத்தாரி குழு 1966-லேயே ஐந்து ஆண்டு என்று பரிந்துரைத்தது. ஐந்து ஆண்டு, ஒரே முறை, நீட்டிப்பு கிடையாது என்பது எங்கள் நிலைப்பாடு.

தேர்வு திறந்த வெளியில் நடக்க வேண்டும். பேராசிரியராகப் 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று யுஜிசி 2018-ல் வகுத்த விதி தகுதியின் தொடக்கம் மட்டுமே. அதே 2018-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் லஞ்ச வழக்கில் கைதானார்; இன்னொன்றில் துணைவேந்தர் நியமனத்தையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அவமானத்தை வகுப்பறையில் மாணவர் முகத்துக்கு நேரே நின்று சுமந்தவர்கள் நாங்கள். தேடுதல் குழு பரிந்துரைக்கும் மூவரின் தகுதி விவரங்களும் பல்கலைக்கழகத்துக்கான அவர்களின் திட்டங்களும் நியமனத்துக்கு முன்பே வெளியாக வேண்டும்.

இந்த இயக்கம் எந்தக் கட்சியிடமும் நிதி வாங்காது. இதில் பொறுப்பு வகிப்பவர் எவரும் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பிக்க விரும்புவோர் முதலில் விலக வேண்டும். எங்கள் பொறுப்பாளர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள், மேலே சொன்ன அதே கைமாற்றக் குறிப்போடு.

தோழர்களே, உங்கள் துணைவேந்தரின் பதவிக்காலம் எந்த நாளில் முடிகிறது என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தேதியை எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பாக ஆட்சிக்குழு உறுப்பினரை நேரில் பார்த்து, தேடுதல் குழு எங்கே என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்; எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.