பெயர் பொறித்த பொம்மையும் தாய்மைப் போற்றுதலும்

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அண்மிக்குங் காலத்தில் அன்பளிப்புக் கடைகளிலே பஞ்சடைத்த கரடிப்பொம்மைகள் குவிந்துவிடுகின்றன. அவற்றின் மார்பிலே 'அம்மா' என்ற சொல்லையும், விரும்பினால் அந்த அம்மாவின் பெயரையும், இயந்திரமொன்று சில நிமிடங்களில் தைத்துக் கொடுத்துவிடும். இது தனித்துவமான அன்பளிப்பு என்று விளம்பரஞ் செய்யப்படுகின்றது. பிள்ளையின் கை அதிலே பட வேண்டியதில்லை. காசு பட்டாற் போதும்.

அன்னையர் தினத்தின் தோற்றத்தை நோக்குவோர்க்கு இதிலுள்ள முரண் புலனாகும். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் வாழ்ந்த ஆன் றீவ்ஸ் ஜார்விஸ், தாம் பெற்ற பிள்ளைகளிற் பலரை நோய்க்குப் பறிகொடுத்தவர். 1850களில் அவர் அமைத்த தாய்மார் சங்கங்கள் பாலின் தூய்மையைச் சோதித்தன. நோயுற்ற தாய்மாரின் வீட்டுவேலைக்கு ஆள் அமர்த்தின. அவர் 1905இல் மறைந்தபின், மகள் அன்னா ஜார்விஸ் 1908 மே 10ஆம் நாள் கிறாப்ரன் நகரின் மெதடிஸ்த தேவாலயத்துக்குத் தாய் விரும்பிய வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் 500 அனுப்பி, நினைவு வழிபாடு நடத்துவித்தார். 1914இல் ஜனாதிபதி வில்சன் அத்தினத்தைத் தேசிய அளவிற் பிரகடனஞ் செய்தார். அதன் ஆங்கிலப் பெயரிலே 'தாய்' என்பது ஒருமையாகவே எழுதப்படல் வேண்டுமென அன்னா பிடிவாதமாக நின்றார். தாய்க்குலம் என்ற பொதுமையையன்று, ஒவ்வொருவரும் தத்தம் தாயையே நினைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. (தமிழில் அது 'அன்னையர்' எனப் பன்மையாகிவிட்டது, அதற்காக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.)

பூக்கடைக்காரரும் வாழ்த்தட்டை வியாபாரிகளும் அத்தினத்தைக் கைப்பற்றிக்கொண்டபோது அவர் அவர்களை எதிர்த்துப் போராடினார். 1925இல் பிலடெல்பியாவில் போர்த் தாய்மார் சங்கத்தின் மாநாட்டிலே கார்னேஷன் மலர் விற்கப்படுவதை எதிர்க்கச் சென்று கைதானார். 1948இல் வறியவராய்ச் சிகிச்சை நிலையமொன்றில் இறந்தார். அவர் உயிரினும் மேலாகக் காத்த அந்த ஒருமையே இன்று விற்பனைப் பொருளாகிவிட்டது. கரடிகள் யாவும் ஒரே அச்சு. தைக்கப்படும் பெயர் மட்டும் வேறு.

இதற்கு மாற்றாக மரபை முன்வைப்போர் உளர். ஈழத்துச் சைவரிடையே தந்தையை இழந்தோர்க்கு ஆடியமாவாசை விரதம் போலத் தாயை இழந்தோர்க்குச் சித்திராபூரணை விரதம் உண்டு. கோயில்களிலே கஞ்சி காய்ச்சி வார்ப்பதும் உண்டு. பசி கிடந்து நினைப்பதும் பிறர் பசி தணிப்பதும் கடையில் வாங்கக்கூடியன அல்ல என்ற அளவில் இம்மரபு பொம்மையிலும் உயர்ந்ததே. ஆயினும், தாய் கண்மூடிய பின்னரன்றோ மகன் அவள் பொருட்டுப் பசி கிடக்கின்றான்! அன்று அவன் வீட்டு அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவள் அவன் பிள்ளைகளின் தாய். மரபின் பெருமை பேசும் பண்டிதர்கள் இதனைக் கண்டுகொள்வதில்லை.

'ஒரு பொம்மையால் விளையும் தீங்கு யாது?' என வினவலாம். பொம்மை தீங்கு செய்வதில்லை. கடன் தீர்ந்தது என்ற நிம்மதியை மலிவாகத் தந்துவிடுகின்றது, அவ்வளவே. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்து கொய்யச் செல்பவளும், தன் குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்து மத்திய கிழக்கிலே பிறர் குழந்தையைப் பராமரிப்பவளும் தாய்மாரே. ஆன் றீவ்ஸ் ஜார்விஸ் இத்தகையோரின் வாசலுக்கே முதலிற் சென்றிருப்பார். இலங்கையின் தனியார் துறையில் முதலிரு பிரசவங்களுக்கு 84 நாள் விடுமுறை இருக்க, மூன்றாம் பிரசவத்துக்கு 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை கிடைத்தது 42 நாளே. தாய்மை தெய்வீகமானது என்று மேடைதோறும் முழங்கிய நாட்டிலே, அத்தெய்வீகம் மூன்றாம் பிள்ளையோடு பாதியாகிப் போனதைப் பற்றி மேடைகள் பேசியது அரிது.