கறுப்புப் போத்தலை மூடி வையுங்கள்

 

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் இதைப் பாடமாக்கி விடுகிறார்கள். பிறகு பெட்டியைத் திறந்து கலந்தால் வருவது மாரிகாலத்து ஒழுங்கைச் சேறு. உடனே "உனக்குச் சித்திரம் வராது" என்று ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

பிழை பிள்ளையில் இல்லை, சாயத்தில். தக்காளிச் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மயில் நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது, அதற்குள்ளும் மஞ்சள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மண்ணிறம்தான் மிஞ்சும். பீட்ரூட் சிவப்பை எடுத்து, வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலத்தின் சாயலுள்ள நீலத்தோடு கலக்கச் சொல்லுங்கள். நாவற்பழ நிறம் வரும்.

நம்பாதவர்கள் கல்யாண அட்டையில் அச்சான படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வான நீலம் போன்ற சயன், கடும் ரோஸான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். சிவப்பு மை அங்கே கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் சிவப்பு. அப்படியிருக்க, எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று சொல்லாமல் மூன்று பெயரை மட்டும் ஒப்புவிக்க வைப்பது என்ன படிப்பு?

பெப்ரவரி 4 வந்தால் தேசியக் கொடி வரைய வேண்டும். மெரூனுக்குச் சிவப்பில் கறுப்பை ஊற்றுவார்கள், நிறம் செத்துவிடும். பீட்ரூட் சிவப்பில் துளி பச்சை போதும். கறுப்பு வெறும் இருட்டு அல்ல. மஞ்சளில் விட்டுப் பாருங்கள், பாசி பிடித்த பச்சையாகும். (அந்தக் கொடியில் முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டி, தமிழருக்குச் செம்மஞ்சள் பட்டி. இரண்டும் ஈரத்தில் கலந்தால் என்ன நிறம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வயல் மண் நிறம்தான்!)

அடுத்தது 24 நிறப் பெட்டி கொண்டு வா என்ற கட்டளை. கூலிக்குப் போகும் தாய் எங்கே போவாள்? இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை போதும். முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளையும் வயலைப் போத்தல் பச்சையால் தீட்டினால் பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும். மஞ்சள் கூட்டி, ஊசிமுனையளவு சிவப்பு தொட்டால் நெற்பயிர்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் பெட்டியின் விலையைப் பற்றிக் கேளுங்கள். நாங்களும் உங்களோடு எழுந்து கேட்போம்.